ஜனவரி முதல் நாள் வந்த சூப்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், முதியோர் இல்லத்தில் என்னோடு 26 ஆண்டுகள் வேலை செய்த ஹெய்ட்டி அக்காவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கனடாவின் மொன்றியலில் நம் சனமும் ஹெய்ட்டியரும் ஒரே மாடிக் கட்டடங்களில் குடியிருக்கிறோம். ஒரே பஸ்ஸுக்காகப் பனியில் நிற்கிறோம். பிள்ளைகள் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். இருந்தும் ஒருவர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று மற்றவருக்குத் தெரியாமலே முப்பது நாற்பது வருடங்களை ஓட்டிவிட்டோம். அதனால் இந்த மாதம் முழுவதும் அவர்களைப் பற்றிய கேள்விகளுக்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, புத்தாண்டு அன்று காலையில் மேல்மாடி ஹெய்ட்டிக் குடும்பத்து அம்மா ஒரு பாத்திரம் நிறைய மஞ்சள் நிறச் சூப் கொண்டுவந்து தந்தார். மாட்டிறைச்சி போட்டிருந்தது. நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை. முகத்தை முறிக்க மனமில்லாமல் வாங்கி, பிறகு கொட்டிவிட்டேன். மறுநாள் “எப்படி இருந்தது?” என்று கேட்டபோது “நல்ல ருசி” என்று பொய் சொன்னேன். இன்றுவரை மனம் உறுத்துகிறது. அது என்ன சூப்? — வாசகி, கோட்-தெ-நெய்ஜ்

தங்கச்சி, கொட்டியதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். சாப்பிடாததை எப்படிச் சாப்பிடுவது? ஆனால் உங்கள் கைக்கு வந்தது என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

அதன் பெயர் சூப் ஜூமூ. ஜூமூ என்றால் மஞ்சள் பூசணி. கரீபியன் கடலில் இருக்கும் ஹெய்ட்டி அன்று பிரான்சின் அடிமை நாடு. கரும்பும் காப்பியும் விளைவித்து, பிரெஞ்சுக் குடியேற்றங்களிலேயே பெரும் செல்வம் கொழித்த நிலம் அதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் அந்தப் பூசணியைப் பயிரிட்டார்கள், அறுத்தார்கள், எசமானின் சமையலறையில் சூப்பாகக் காய்ச்சினார்கள். குடிக்க மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை. 1791 ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போர் நடந்தது. நெப்போலியன் அனுப்பிய படையை 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேர் என்ற இடத்தில் தோற்கடித்தார்கள். 1804 ஜனவரி 1 அன்று கோனாயிவ் நகரில் அவர்களுடைய படைத் தலைவர் தெசாலின் சுதந்திரத்தை அறிவித்தார். அடிமைகள் தாமே போராடி வென்று ஒரு நாட்டை உண்டாக்கியது உலக வரலாற்றில் அந்த ஒரு முறைதான். அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் ஹெய்ட்டியர் வீடுகளில் காலை உணவு இந்தச் சூப்தான். முன்பு தங்களுக்கு மறுக்கப்பட்டதைக் குடிக்கிறார்கள், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிறார்கள். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. அந்தப் பட்டியலில் ஹெய்ட்டிக்குக் கிடைத்த முதல் பதிவு அது.

நான் அதைச் செய்யப் பார்த்திருக்கிறேன். ஒரு டிசம்பர் 31 இரவு, வேலை முடிந்து நேரே சான்-மிஷேலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். இறைச்சியை எலுமிச்சைச் சாற்றாலும் வெந்நீராலும் தேய்த்துக் கழுவினார். நம் அம்மாக்கள் மஞ்சள் போட்டு மீன் கழுவுவார்களே, அதே கவனம். வெங்காயத்தாள், உள்ளி, பார்ஸ்லி, தைம், மிளகாய் எல்லாம் சேர்த்து அரைத்த பச்சை விழுது ஒரு போத்தல் நிறைய இருந்தது. அதற்கு எப்பிஸ் என்று பெயர். அது இல்லாமல் அவர்கள் வீட்டில் சமையலே தொடங்காது. பூசணியைத் தோலோடு அவித்து, சதையை வழித்துக் கரைத்தார். கோவா (முட்டைக்கோஸ்), கேரட், உருளைக்கிழங்கு, டர்னிப் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசியில் குழாய் மக்ரோனி. எல்லாவற்றுக்கும் மேலே, தொப்பி போலச் சப்பையான ஒரு செம்மிளகாயைக் காம்போடு முழுதாக மிதக்க விட்டார். “இது வெடிக்கக் கூடாது. வாசம்தான் இறங்க வேண்டும், காரம் இறங்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, அகப்பை அதில் படாதபடி ஓரமாகவே கிண்டிக்கொண்டிருந்தார். நள்ளிரவு தாண்டி அந்த மிளகாயைக் காம்பைப் பிடித்து முழுசாக வெளியே எடுத்தபோது, ஒரு குழந்தையைத் தொட்டிலில் இருந்து தூக்குவது போல இருந்தது அவர் கை.

எனக்கு மாடு ஆகாது என்று அவருக்குத் தெரியும். பக்கத்து அடுப்பில் சின்னச் சட்டியில் இறைச்சி இல்லாமல் எனக்கென்று தனியாக ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. வேலையிடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார்.

ஆகவே, தங்கச்சி, உங்கள் அயல்வீட்டு அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். “எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடும் வழக்கம் இல்லை. ஆனால் நீங்கள் தந்தது என்னவென்று இப்போது தெரிந்துகொண்டேன்” என்று சொன்னால் போதும். இரண்டாவது சொல்லுக்குத்தான் அதிக மதிப்பு. அவருடைய பாத்திரம் இன்னும் உங்களிடம் இருந்தால் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். தைப்பொங்கல் அன்று சர்க்கரைப் பொங்கல் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அறுவடைக்கும் சூரியனுக்கும் நன்றி சொல்கிறோம் என்று விளக்குங்கள். நிலத்தில் பாடுபட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது உடனே புரியும்.

கேள்வி: செய்திகளில் ஹெய்ட்டி என்றாலே வறுமை, நிலநடுக்கம், துப்பாக்கிக் கும்பல். அடிமைகளே போராடி முதன்முதலில் விடுதலை பெற்ற நாடு ஏன் இப்படி ஆனது? அந்த மக்கள் ஏன் மொன்றியலைத் தேடி வந்தார்கள்? — வாசகர், சென்னை

ஐயா, முதல் கேள்விக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, “எங்கள் ஆட்கள் இழந்த சொத்துக்கு 150 மில்லியன் பிராங்க் கட்டினால்தான் உங்களை நாடாக ஏற்போம்” என்றது. அந்தச் சொத்தில் மனிதர்களும் அடக்கம். அடிமையாக இருந்தவன் தன் உடம்புக்கான விலையைத் தானே எசமானிடம் கட்ட வேண்டும்! 1838இல் தொகையை 90 மில்லியனாகக் குறைத்தார்கள். கட்டுவதற்கு வாங்கிய கடன், அந்தக் கடனுக்கு வட்டி என்று அந்தப் பாரம் 1947 வரை நீண்டது. பள்ளிக்கூடமும் சாலையும் ஆகியிருக்க வேண்டிய பணம் பாரிஸ் வங்கிகளுக்குப் போனது. ஹெய்ட்டியின் துயரத்துக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சொல்லாமல் அந்த நாட்டின் வறுமையைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இரண்டாவதற்கு வருகிறேன். 1957இல் ஃபிரான்சுவா துவாலியே ஆட்சிக்கு வந்தார். அவருடைய தோன்தோன் மக்கூத் என்ற அடியாள் படைக்கு அஞ்சிப் படித்தவர்கள் ஓடினார்கள். அதே காலத்தில் மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன. பிரெஞ்சு தெரிந்த ஆசிரியர்களும் மருத்துவர்களும் தாதியரும் தேவைப்பட்டார்கள். 1960களில் வந்தவர்கள் அவர்கள். 1970களில் வந்தவர்கள் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். தையல் தொழிற்சாலை, டாக்சி, முதியோர் பராமரிப்பு என்று இறங்கினார்கள். அக்காவின் அண்ணன் முதல் அலையில் வந்த ஆசிரியர். அக்கா இரண்டாவது அலை. தெற்குக் கரையில் உள்ள ஜக்மேல் அவருடைய ஊர். இங்கே வந்த முதல் வருடங்களில் ஷபனெல் தெருவில் ஒரு தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைத்தார். பத்து வருடம் கழித்து நானும் அதே தெருவில் வேறொரு கட்டடத்தில் பொத்தான் தைத்தேன்.

துவாலியேக்குப் பின் ஆண்ட அவருடைய மகன் 1986 பிப்ரவரியில் நாட்டைவிட்டு ஓடிய பிறகும் வருகை நிற்கவில்லை. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு இன்னொரு கூட்டம் வந்தது. 2017 கோடையில் அமெரிக்க எல்லையைக் கால்நடையாகக் கடந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அவர்களைத் தங்கவைக்க ஒலிம்பிக் விளையாட்டரங்கத்தையே திறந்துவிட்டார்கள்.

வரவேற்பு எப்போதும் இனிப்பாக இருக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஹெய்ட்டி டாக்சி ஓட்டுநர்களுக்கு இங்கே நடந்த அநியாயத்தை மனித உரிமை ஆணையமே விசாரிக்க வேண்டியிருந்தது. 1983இல், எய்ட்ஸ் பயத்தில், ஹெய்ட்டியர்கள் இரத்ததானம் செய்ய வேண்டாம் என்று கனடிய செஞ்சிலுவைச் சங்கம் அறிவித்தது. ஒரு முழு இனத்தின் இரத்தத்தையே சந்தேகித்தார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும் என்று அக்கா சொல்வார்.

அந்த மக்களிடமிருந்துதான், 1968இல் சிறுமியாக இங்கு வந்த மிக்காயெல் ஜான் 2005இல் கனடாவின் ஆளுநர் நாயகமானார். 1976இல் தப்பிவந்து தொழிற்சாலைகளில் வேலை செய்த எழுத்தாளர் டேனி லாஃபெரியேர் 2013இல் பிரெஞ்சு மொழியின் உயர்பீடமான பிரெஞ்சு அக்காதமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020இல் கொரோனா முதியோர் இல்லங்களைச் சூறையாடியபோது, அகதி மனு முடிவாகாத நிலையிலேயே கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனவர்களில் ஏராளமானோர் ஹெய்ட்டிப் பெண்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஐயா. அதனால்தான் வறுமை என்ற ஒற்றைச் சொல்லில் அவர்களை அடைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: என் 14 வயது மகன் வீட்டில் “லாக்காய்”, “சாக் பாசே” என்றெல்லாம் பேசுகிறான். அது உடைந்த பிரெஞ்சு என்று சொல்கிறார்கள். அவனுடைய பிரெஞ்சு கெட்டுவிடாதா? — வாசகர், லாசால்

தம்பி, “உடைந்த” என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். அது கிரெயோல். ஹெய்ட்டியில் எல்லோருக்கும் தாய்மொழி. சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்தவைதான், இலக்கணம் அதற்கே உரியது. வினைச்சொல் மாறவே மாறாது. முன்னால் ‘தே’ வந்தால் கடந்த காலம், ‘ஆப்’ வந்தால் நடந்துகொண்டிருப்பது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘லி’ என்ற ஒரே சொல், நம் ‘அவர்’ போல. அப்படிப்பட்ட மொழியைப் பள்ளியில் பேசியதற்காக அக்கா சிறுமியாக இருந்தபோது அடி வாங்கியிருக்கிறார். 1987 அரசியலமைப்பில்தான் பிரெஞ்சுக்குச் சமமாக அதற்கும் ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது. மொழிக்காக இவ்வளவு இழந்த நாம், இன்னொருவர் தாய்மொழியை எடுத்தெறிந்து பேசலாமா?

உங்கள் மகன் கூட்டாளிகளிடமிருந்து கற்றிருக்கிறான். ‘லாக்காய்’ என்றால் வீடு, சொந்த ஊர். “சாக் பாசே?” என்றால் “என்ன செய்தி?” அதற்குப் பதில் “நாப் பூலே”, அதாவது “எரிந்துகொண்டிருக்கிறோம்”. சுகமாக, முழு மூச்சில் இருக்கிறோம் என்று பொருள். அடுத்த முறை அவன் கேட்டால் நீங்களே அப்படிப் பதில் சொல்லிப் பாருங்கள். தமிழும் அவனிடம் தங்க வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை என்றால், அது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்க வேண்டிய வேலை.

கேள்வி: எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஹெய்ட்டியர்கள் ஊடு என்ற பில்லிசூனியம் செய்வார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? — வாசகி, பார்க் எக்ஸ்டென்ஷன்

பிள்ளை, பயப்பட ஒன்றும் இல்லை. ஊசி குத்திய பொம்மை சினிமாக்காரர் கட்டிய கதை. மொன்றியலில் நீங்கள் சந்திக்கும் ஹெய்ட்டியர் பலர் கத்தோலிக்கர், அல்லது புரட்டஸ்தாந்து சபைகளைச் சேர்ந்தவர்கள். அக்கா ஞாயிறு பூசை தவறியதே இல்லை. அவரிடம் போய் ஊடு பற்றிக் கேட்டால் மனம் நொந்துபோவார்.

ஆனால் ஊடு என்பதும் ஒரு சமயம்தான். கடல் கடந்து பிடித்துவரப்பட்டவர்கள் தங்களோடு காப்பாற்றி எடுத்துவந்த ஆப்பிரிக்கத் தெய்வங்களின் வழிபாடு. எல்லோருக்கும் மேலே கடவுள். அவருக்குக் கீழே, மனிதரிடம் நெருங்கி வரும் ‘ல்வா’ என்ற தெய்வங்கள். 1940களில் திருச்சபை அதை ஒழிக்கப் புறப்பட்டு, மத்தளங்களைக் குவித்து எரித்தது. 2003இல்தான் ஹெய்ட்டி அரசு அதைச் சமயமாக ஏற்றது.

ஒரு பண்பாட்டு நிகழ்ச்சியில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு வயதான பெண் குனிந்து, இடக் கையில் கிண்ணம், வலக் கையில் சோளமா. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அந்த மாவை நூல் போல விட்டுக்கொண்டே தரையில் ஒரு கோலம் போட்டார். நடுவில் ஒரு நெட்டுக்கோடு, அதன் இரு பக்கமும் எழும்பி நிற்கும் இரண்டு பாம்புகள். கோடு ஓர் இடத்திலும் அறுபடவில்லை. அதை ‘வெவே’ என்கிறார்கள். ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒவ்வொரு கோலம். இந்தப் பாம்புத் தெய்வத்துக்கு, தன்பாலா என்று பெயர், வெள்ளை மாவின் மேல் வெள்ளை முட்டை வைத்துப் படைப்பார்கள். நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைத்துக் கும்பிட்ட ஊரில் பிறந்தவள் நான். என் அம்மாவின் விரல்தான் கண்ணில் நின்றது.

கேள்வி: என் மகள் மருத்துவத் தாதி. கூட வேலை செய்யும் ஹெய்ட்டி இளைஞனைக் கல்யாணம் செய்யப்போவதாகச் சொல்கிறாள். என் கணவர் பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கு இருட்டாக இருக்கிறது. அவர்கள் பழக்கவழக்கம் நமக்கு ஒத்துவருமா? — ஒரு தாய், லவால்

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அதில் பழக்கவழக்கம் என்று ஒரு இடத்தில் இருக்கிறது. நிறம் என்று நாலு இடத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பேசிவிடுவோம். அந்தப் பிள்ளை குடிகாரனா, பொய்யனா, உழைக்காதவனா என்று ஒரு சொல்லும் நீங்கள் எழுதவில்லை. “சனம் என்ன சொல்லும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊரில் நம்மையும் நிறத்தை வைத்து ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். அது எப்படி வலிக்கும் என்று தெரிந்துகொண்டே அதை இன்னொரு தாயின் மகனுக்கு நாம் செய்வது தவறு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பழக்கவழக்கம் பற்றிச் சொல்கிறேன். பிள்ளைகள் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். இரத்த உறவோ இல்லையோ, பெண்ணானால் ‘மாதாந்த்’, ஆணானால் ‘தோன்தோன்’. நம் மாமி, மாமா போலத்தான். ஒரு அறைக்குள் நுழைந்தால் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். படிப்பு என்றால் உயிர். ஞானஸ்நானத் தாய் தந்தையரைப் பெற்றோருக்கு அடுத்தபடி மதிப்பார்கள். கல்யாணத்துக்கு, பழைய குடும்பங்களில், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெற்றோருக்கு நல்ல தாளில், நல்ல பிரெஞ்சில், முறைப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் பெண் கேட்பார்கள். நம்மவர்கள் தட்டோடு வருவார்கள், அவர்கள் கடிதத்தோடு வருவார்கள்.

சிக்கல் வராது என்று சொல்லமாட்டேன். ஞானஸ்நானமா, காது குத்தலா என்ற பேச்சு வரும். கோயிலா தேவாலயமா என்று வரும். அதைப் பிள்ளைகள் இருவரும் இப்போதே பேசி முடிக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. அந்தப் பையனை மட்டும் கூப்பிடாதீர்கள், அவனுடைய அம்மாவையும் கூப்பிடுங்கள். அவரும் தன் வீட்டில் உட்கார்ந்து, “இந்தத் தமிழ்ப் பெண் என் மகனைத் தன் சனத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுவாளோ” என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பார். கணவரைப் பேசவைப்பது உங்களால்தான் முடியும். அவர் கோபித்துக்கொண்டு இருக்கும் ஒவ்வொரு வாரமும் மகள் ஒரு அடி தள்ளிப் போகிறாள் என்பதை மட்டும் அவர் காதில் போடுங்கள்.

கேள்வி: தொழிற்சாலையில் ஹெய்ட்டிப் பெண்கள் ‘சோல்’ என்று ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். பணம் கொடுக்கலாமா? — வாசகி, மொன்றியல்

அது நம் சீட்டுதான், ஏலம் மட்டும் கிடையாது. பத்துப் பேர் ஆளுக்கு வாரம் 100 டாலர் போட்டால் ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறைப்படி 1,000 டாலர் எடுப்பார். வட்டி இல்லை, தாளில் எழுத்தும் இல்லை, நாணயம் ஒன்றுதான் பிணை. யார் கையில் பணம் சேர்கிறது, அவரை எத்தனை வருடமாக மற்றவர்களுக்குத் தெரியும் என்று விசாரித்துச் சேருங்கள். நான் இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் முழுப் பணம் எடுத்தேன். முதல் பணத்தில்தான் தங்கையை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டேன்.

கேள்வி: கூட வேலை செய்யும் ஹெய்ட்டி நண்பரின் தாயார் இறந்துவிட்டார். வீட்டுக்குப் போகலாமா? என்ன கொண்டுபோவது, என்ன சொல்வது? — வாசகர், மொன்றியல்-நோர்

கட்டாயம் போங்கள், தம்பி. நம்மைப் போலவே அவர்களுக்கும் செத்த வீட்டுக்கு அழைப்பு வேண்டாம். இரவில் விழித்திருப்பார்கள், அதற்கு ‘வேயே’ என்று பெயர். கோப்பி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மூலையில் ஆண்கள் டொமினோ ஆடுவார்கள், இன்னொரு மூலையில் யாராவது இறந்தவரைப் பற்றிக் கதை சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். துக்க வீட்டில் சிரிப்பா என்று முகம் சுளிக்காதீர்கள். வீட்டார் தனிமையில் நொறுங்கிவிடக் கூடாது என்றுதான் அந்தச் சத்தம். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஒன்பது இரவு செபம் இருக்கும். ஒன்பதாம் இரவு கடைசிச் செபம். முதல் நாள் முடியாவிட்டால் அன்று போங்கள், நம் எட்டுச் செலவுக்குப் போவது போல.

கோப்பித்தூள், சீனி, பழங்கள் கொண்டுபோகலாம். நிறம் அடக்கமான உடை உடுத்துங்கள். உள்ளே போனதும் வயதில் மூத்தவரிடம் முதலில் போய், இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து “கோன்தோலேயான்ஸ்” என்று சொன்னால் போதும்.

வாசலில் மணியை அடித்துவிட்டு நிற்பதோடு இன்னொன்றும் செய்யலாம். ஊர்ப்புறங்களில் பழைய ஆட்கள் அடுத்த வீட்டுப் படலையில் நின்று “ஒனே!” என்று குரல் கொடுப்பார்களாம், மரியாதையோடு வந்திருக்கிறேன் என்று. உள்ளிருந்து “ரெஸ்பே!” என்று பதில் வந்த பிறகுதான் காலை உள்ளே வைப்பார்கள். அக்காவின் தாயார் இறந்தபோது நான் கதவருகே நின்று அப்படிச் சொன்னேன். உள்ளே டொமினோக் கட்டைகளின் சத்தம் நின்றது. பிறகு ஒரு கிழவரின் குரல், அடுத்தது அக்காவின் குரல், கடைசியில் அறை முழுவதும் சேர்ந்து பதில் சொன்னது.